ஹாலோவீனுக்கு முன்னால் கார்பென்டர் எடுத்த டிவி படம்: பார்க்கலாமா, விடலாமா?

வாசகர் கேள்வி: அமெரிக்கத் திகில் பட இயக்குநர் ஜான் கார்பென்டரின் படங்கள் ஏறக்குறைய எல்லாம் பார்த்தாயிற்று. ஹாலோவீன், தி ஃபாக், தி திங் மூன்றும் மனப்பாடம். 'சம்ஒன்ஸ் வாட்சிங் மீ' என்று ஒரு டிவி படமும் அவர் பெயரில் பட்டியலில் இருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. ஹிட்ச்காக்கின் ரியர் விண்டோவை உல்டா பண்ணியது, விட்டுத்தள்ளு என்றார் ஒரு நண்பர். அப்படித்தானா?

6 ஜனவரி

விட்டுத்தள்ள வேண்டாம். 97 நிமிஷம்தான்.

கதை இவ்வளவுதான். லீ மைக்கேல்ஸ் என்ற பெண் நியூயார்க்கை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிவருகிறாள். ஆர்க்கம் டவர் என்ற உயரக் கட்டடத்தில் வீடு, பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல். எதிர்க் கட்டடத்திலிருந்து ஒருவன் தொலைநோக்கி வைத்து அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். போன் அடிக்கிறது. கேள்விப்படாத ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் பரிசுப் பொட்டலம் வருகிறது. வீட்டில் விளக்கு தானாக மங்குகிறது. போலீஸ் கையை விரிக்கிறது. லீயாக லாரன் ஹட்டன். கதை, இயக்கம் இரண்டும் கார்பென்டர்.

உல்டா என்பது பாதி சரி. ரியர் விண்டோவில் கால் முறிந்து உட்கார்ந்திருக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டோடு சேர்ந்து நாமும் ஜன்னல் வழியே எதிர்வீடுகளை எட்டிப் பார்க்கிறோம். இங்கே நாம் இருப்பது பார்க்கப்படுகிறவளின் வீட்டுக்குள். நாற்காலியை எதிர்ப்பக்கம் போட்டுவிட்டால் அதே கதை வேறு கதை ஆகிவிடுகிறது.

6 ஜனவரி, இரவு

ஒன்று விட்டுப்போனது. லீயின் வேலை என்ன தெரியுமா? டிவி நிலையத்தில் நேரலை இயக்குநர். எந்த கேமரா எப்போது ஒளிபரப்பாக வேண்டும் என்று உத்தரவு போடுகிறவள். பகலெல்லாம் பிம்பங்களை மேய்க்கிற பெண், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இன்னொருத்தனுடைய பிம்பமாகிவிடுகிறாள். பள்ளி ஆசிரியையோ நர்ஸோ என்று வைத்திருந்தாலும் படம் ஓடியிருக்கும். ஆனால் கடைசி அரை மணி நேரத்துக்கு இந்த வலு வந்திருக்காது. அது ஏன் என்று பிறகு எழுதுகிறேன், கதையை உடைக்காமல் சொல்ல முடியாது.

7 ஜனவரி

"ஹாலோவீன் ஓடியதால் டிவிக்காரர்கள் கூப்பிட்டுக் கொடுத்த வேலை இது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வரிசை அப்படியில்லை. ஒளிபரப்பானது 1978 நவம்பர் 29, என்பிசி தொலைக்காட்சியில். ஹாலோவீன் திரைக்கு வந்தது அதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 25. அதனால் பின்னால் வந்த படம் போலத் தெரிகிறது. ஆனால் எடுத்து முடித்தது இதைத்தான் முதலில். இதை முடித்த சூட்டோடுதான் 1978 வசந்த காலத்தில் ஹாலோவீன் படப்பிடிப்புக்குப் போனார்.

அந்தச் சமயத்தில் அவர் யார்? டார்க் ஸ்டார் என்ற மாணவர் படத்தை இழுத்துப் பிடித்து முழு நீளப் படமாக்கியவர். சுமார் 1 லட்சம் டாலரில் அசால்ட் ஆன் ப்ரீசிங்ட் 13 எடுத்து, 1976இல் அமெரிக்காவில் சீந்த ஆளில்லாமல், மறுவருஷம் லண்டன் திரைப்பட விழாவில் கைதட்டு வாங்கியவர். கையில் காசில்லை, எழுதுகிற வேலை மட்டும் நிறைய. இந்தக் கதையையும் வார்னர் பிரதர்ஸுக்காக 'ஹை ரைஸ்' என்ற பெயரில் எழுதிக் கொடுத்தார். திரையரங்குப் படமாக எழுதியது டிவிக்குப் போனது. போனாலும் நீயே இயக்கு என்றார்கள்.

ஐந்து வார இடைவெளியில் ஒரே ஆளின் இரண்டு படங்கள், அதில் ஒன்று 3 லட்சம் டாலர் சொச்சத்தில் எடுத்து நாடெங்கும் கோடிகளை அள்ளிய ஹாலோவீன். தம்பியைப் பார்த்தவர்கள் அண்ணனை மறந்ததில் ஆச்சரியம் ஏதுமில்லை. அதுவும் டிவி படம். ஒரு ராத்திரி வந்துபோகும், பிறகு மறு ஒளிபரப்பு இருந்தால் உண்டு. அமெரிக்காவில் டிவிடி வந்ததே 2007இல்தான். ப்ளூரே 2018.

9 ஜனவரி

முதல் முறை நான் பார்த்தது ஒரு மங்கலான சதுரப் பிரதியில். முகமே சரியாகத் தெரியாது, ஒலியில் இரைச்சல். அப்போது பெரிதாக ஒட்டவில்லை. கார்பென்டர் என்றால் அகலத் திரை, அவரே போட்ட சின்தசைசர் இசை, இருட்டு. மூன்றும் இதில் இல்லை. இசை ஹாரி சுக்மன் என்பவருடையது, 1960இல் வந்த ஒரு படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர், பழைய பாணி. வயலின்கள் "இப்போது பயப்படு, இப்போது பயப்படு" என்று தோளைத் தட்டிக்கொண்டே இருக்கும். இன்றைக்கும் எனக்கு இந்தப் படத்தில் எரிச்சல் மூட்டுவது அதுதான்.

பிறகு நல்ல பிரதி கிடைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இது இருட்டை நம்பி எடுத்த படமே இல்லை, வெளிச்சத்தை நம்பி எடுத்தது. வெள்ளைச் சுவர், பளிச்சென்ற கூடம், கண்ணாடி. ஒளிந்துகொள்ள மூலையே இல்லாத வீடு. திகில் படத்தில் விளக்கைப் போட்டால் நமக்கு நிம்மதி வரும். இதில் விளக்கைப் போட்டால் எதிர்க் கட்டடத்துக்காரனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி நான் எங்கள் வீட்டு ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் படுத்தேன். சிரிக்காதீர்கள்.

9 ஜனவரி, சற்று நேரம் கழித்து

"டிவி படத்தில் என்ன பெரிய கலை இருந்துவிடப் போகிறது" என்பவருக்கு: ஸ்பீல்பெர்க்கின் டூயல் 1971இல் டிவிக்கு எடுத்ததுதான். அப்புறம் டிவிக்கே உரிய ஒரு வித்தை உண்டு. சில நிமிஷத்துக்கு ஒரு முறை விளம்பரத்துக்காகத் திரை கறுத்தாக வேண்டும். கறுப்பதற்குள் ஒரு கொக்கி போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் ஆள் சேனலை மாற்றிவிடுவான். நம் சீரியல்காரர்கள் வெள்ளிக்கிழமை 'தொடரும்' போடுவார்களே, அந்தத் தொழில். இந்தப் படத்தில் அந்தக் கறுப்புகள் எங்கெங்கே விழுகின்றன என்று கவனித்துப் பாருங்கள். கத்தியைக் காட்டித் திகிலூட்டுவது குறைவு. போன் மணி அடிக்கும், அவள் அதையே பார்ப்பாள், வெட்டு. விளம்பரம் ஓடுகிற நேரம் முழுக்க அந்த மணி பார்ப்பவன் காதில் அடித்துக்கொண்டிருக்கும்.

12 ஜனவரி

லாரன் ஹட்டன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அழகுசாதன விளம்பரங்களால் பெயர் பெற்ற மாடல் அழகி, முன்பல்லில் சின்ன இடைவெளி. நடிப்பு வராது என்ற பேச்சு அப்போதே உண்டு. இந்தப் படத்தில் அவரைத் தவிர வேறு யாரையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

லீ தனியாக இருக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வாள். கடி ஜோக் அடிப்பாள், தானே சிரித்துக்கொள்வாள். முதல் பத்து நிமிஷம் இது கொஞ்சம் ஓவராகத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். தனியாக வாழ்ந்து பழகியவர்கள் செய்வதுதான் இது, நானும் செய்வேன். பயம் ஏற ஏற அந்தப் பேச்சு எப்படிக் குறைந்துகொண்டே வருகிறது என்பதுதான் நடிப்பு. பாதிப் படத்துக்கு மேல் ஜோக் வருவதே அபூர்வம். வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு வரும்.

மதுக்கடையில் ஒருவனைப் பார்த்ததும் அவளே போய்ப் பேச்சுக் கொடுக்கிறாள். அவன் பால், தத்துவப் பேராசிரியர் (டேவிட் பர்னி). அலுவலகத்தில் வழிகிற ஆளை வாயாலேயே ஓரங்கட்டுகிறாள். கார்பென்டரின் மானசீகக் குருநாதர் பழைய ஹாலிவுட் இயக்குநர் ஹவர்ட் ஹாக்ஸ் என்பது ஊரறிந்தது. ஹாக்ஸ் படத்துப் பெண்கள் இப்படித்தான், ஆணுக்கு இணையாக வாயடிப்பார்கள். ஹாக்ஸின் ரியோ பிராவோவை எழுதியவர்களில் ஒருவர் லீ ப்ராக்கெட் என்ற பெண்மணி. ப்ரீசிங்ட் 13 நாயகியின் பெயர் லீ. இந்தப் படத்து நாயகி லீ. ஹாலோவீனில் ஷெரிஃப் பெயர் ப்ராக்கெட். இன்னும் என்ன ஆதாரம் வேண்டும்!

அந்த ஷெரிஃபாக நடித்த சார்லஸ் சைஃபர்ஸ்தான் இங்கே துப்பறியும் போலீஸ். ப்ரீசிங்ட் 13லும் இருக்கிறார், தி ஃபாக்கிலும் இருக்கிறார். 2024இல் காலமானார். கார்பென்டர் படத்தில் சட்டம் ஒழுங்கு என்றாலே எனக்கு அந்த முகம்தான்.

13 ஜனவரி

சோஃபியை மறந்துவிட்டேன் என்று திட்டு. மறக்கவில்லை, தனியாக எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

லீயோடு வேலை செய்யும் தோழி சோஃபி, ஏட்ரியன் பார்போ. ஓரினச் சேர்க்கையாளர். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறாள். அதற்காக அவளைக் கேலி பண்ணும் காட்சி இல்லை, திருத்தும் காட்சி இல்லை, நாயகிக்கு அதிர்ச்சியும் இல்லை. 1978இல், அமெரிக்க டிவியில், வீட்டுக் கூடத்துக்குள் வருகிற படத்தில்! படத்திலேயே தெளிவான ஆள் அவள்தான். லீ சொல்வதை முதல் வார்த்தையிலிருந்து நம்புகிறவளும் அவள்தான்.

உபரித் தகவல்: கார்பென்டரும் பார்போவும் சந்தித்தது இந்தப் படத்தில். 1979 ஜனவரி 1 கல்யாணம், 1984இல் பிரிவு. இடையில் தி ஃபாக், எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க். தி திங் படத்தில் சதுரங்கம் ஆடும் கணினியின் குரலும் பார்போதான், டைட்டிலில் பெயர் வராது.

17 ஜனவரி

"போலீஸ் ஒன்றும் செய்யாதது லாஜிக் ஓட்டை" என்று இரண்டு மூன்று பேர். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

லீ போலீஸுக்குப் போகிறாள். என்ன நடந்தது? போன் வந்தது. மிரட்டினானா? இல்லை. பரிசு வந்தது. உள்ளே என்ன? தொலைநோக்கி. அதற்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? அமெரிக்காவில் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கிய முதல் மாநிலம் கலிஃபோர்னியாதான், அதுவும் 1990இல். ரெபெக்கா ஷாஃபர் என்ற இளம் நடிகையை, வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்தவன் 1989இல் லாஸ் ஏஞ்சலஸில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு வந்த சட்டம் அது. படம் வந்த ஆண்டுக்கும் சட்டம் வந்த ஆண்டுக்கும் நடுவில் 12 வருஷம். அந்தப் போலீஸ்காரர் சோம்பேறி இல்லை, கெட்டவரும் இல்லை. அவர் கையில் ஒன்றும் இல்லை. சைஃபர்ஸ் முகத்தில் அந்தச் சங்கடம் தெரியும்.

போனும் அப்படித்தான். யார் அழைக்கிறார்கள் என்று காட்டும் வசதி அமெரிக்க வீடுகளுக்கு வந்தது எண்பதுகளின் பின்பகுதியில். அதற்கு முன் மணி அடித்தால் எடுத்தால்தான் தெரியும், எடுத்தாலும் தெரியாது.

லேண்ட்லைன் காலத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவருக்கு இப்படி நடந்தது. தினமும் ராத்திரி சாப்பிடுகிற நேரத்தில் மணி அடிக்கும். எடுத்தால் மூச்சு விடும் சத்தம் மட்டும். புகார் கொடுக்கப் போனார். "கெட்ட வார்த்தை ஏதாவது பேசினானாம்மா? பேசினால் வந்து எழுதிக் கொடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் வீட்டில் போனை எடுத்து ஒரு துண்டில் சுற்றி பீரோவுக்குள் வைப்பார்கள். உள்ளேயிருந்து அமுங்கிய மணிச் சத்தம் வரும், யாரும் சாப்பாட்டிலிருந்து தலை தூக்க மாட்டார்கள். நான் அந்த வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறேன். லாஜிக் ஓட்டை என்று சொல்கிறவர்கள் செல்போனில் பெயர் பார்த்து எடுத்தே வளர்ந்தவர்கள் போலிருக்கிறது.

18 ஜனவரி

நேற்று கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன் என்கிறார்கள். இருக்கட்டும்.

20 ஜனவரி

கதை உடைகிறது. பார்க்காதவர்கள் 24 ஜனவரி குறிப்புக்குத் தாவுங்கள்.

இந்தப் படத்தில் இரண்டு காட்சிகள் ஹாலோவீன் பக்கத்தில் தைரியமாக நிற்கும்.

ஒன்று, கட்டடத்தின் கீழ்த்தளம். அவன் வருகிறான் என்று தெரிந்து லீ தரையிலிருக்கும் இரும்புக் கம்பித் தட்டைத் தூக்கி அடியில் இறங்கி ஒளிந்துகொள்கிறாள். கேமரா அவளோடு கீழேயே இருக்கிறது. தலைக்கு மேல் கம்பி, கம்பிக்கு மேல் அவனுடைய காலணி. அவன் அங்கேயே நிற்கிறான். இசை இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பேன், சுக்மன் ரசிகர்கள் மன்னிக்கவும். பெரிய கண்ணாடி வீட்டில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு திடீரென்று இப்படி ஒரு பொந்தில் அடைக்கிறார். வேடிக்கை என்னவென்றால், படத்தில் அவளை அவன் பார்க்க முடியாத ஒரே இடம் அந்தப் பொந்துதான்.

இரண்டாவது, தொலைநோக்கிக் காட்சி. லீ பொறுத்தது போதும் என்று எதிர்க் கட்டடத்துக்கே போகிறாள். சோஃபி இவள் வீட்டில் காவல். இருவர் கையிலும் வாக்கி டாக்கி. அவனுடைய தொலைநோக்கி லீக்குக் கிடைக்கிறது. அதில் கண் வைக்கிறாள். அவள் வீடு தெரிகிறது, சோஃபி தெரிகிறாள், அப்புறம் சோஃபிக்குப் பின்னால் அவனும் தெரிகிறான்.

முதல் நாள் இரவு நான் சொல்லவந்தது இதுதான். பிம்பங்களுக்கு உத்தரவு போடுவது அவள் தொழில். இங்கே தெளிவான படம் கண்ணில் இருக்கிறது, கையில் ஒலிவாங்கி இருக்கிறது, உத்தரவு மட்டும் வேலை செய்யவில்லை. கத்தினாலும் வெட்ட முடியாத ஒரு நேரலை.

இதையே ஹாலோவீனில் காதுக்கு மாற்றிப் போட்டிருக்கிறார். போன் கம்பியால் தோழி லிண்டாவின் கழுத்து நெரிபடுகிறது, மறுமுனையில் நாயகி லாரி அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைக்கிறாள். அங்கேயும் கொலை நடப்பது எதிர்ப்பக்கத்து வீட்டில்தான்!

23 ஜனவரி

வில்லனுக்குக் காரணம் இல்லையே என்ற வழக்கமான புகார் வந்து சேர்ந்துவிட்டது. வரும் என்று தெரியும்.

காரணம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? சின்ன வயசில் அம்மா அடித்தாள், யாரோ காதலி விட்டுப்போனாள். அதைக் கேட்டதும் நமக்கு ஒரு நிம்மதி வந்துவிடும், "ஓ, அதனாலா" என்று. அந்த நிம்மதியைக் கொடுக்க மறுக்கிறார் கார்பென்டர். கடைசியில் தெரிகிற முகமும் ஒரு சாதாரண முகம், லிஃப்டில் பக்கத்தில் நின்றால் நாம் திரும்பிப் பார்க்க மாட்டோம். இவனுக்குக் குரல் மட்டும் உண்டு, உடம்பு இல்லை. ஹாலோவீன் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸுக்கு உடம்பு மட்டும் உண்டு, குரல் இல்லை. இரண்டு பேருக்கும் விளக்கம் இல்லை. ஹாலோவீனில் அதைப் பாராட்டுகிறவர்கள் இதில் மட்டும் ஏன் குறை சொல்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. டிவி என்பதால் இளக்காரமோ என்னவோ.

முடிவு அவசரம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். சண்டை, கண்ணாடி, அவன் கீழே விழுகிறான், சரி. ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு திருகாணியாகத் திருகியவர், கடைசி இரண்டு நிமிஷத்தில் சுத்தியலை எடுத்துவிடுகிறார். நேரம் முடிந்தது, அடுத்து செய்திகள் என்பது போல.

24 ஜனவரி

பர்னியின் பால் பாத்திரம் எனக்கு ஆரம்பத்தில் வெற்று அட்டையாகத் தெரிந்தது. நேற்று சில காட்சிகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது. நல்ல மனுஷன், நம்புகிறான், உதவுகிறான், ஆனால் சரியான நேரத்தில் அவன் அங்கே இருப்பதில்லை. காப்பாற்ற வரும் காதலனை வேண்டுமென்றே ஓரத்தில் நிறுத்தியிருக்கிறார் போலிருக்கிறது. ஆனாலும் சைஃபர்ஸுக்கு இன்னும் இரண்டு காட்சி கொடுத்திருக்கலாம்.

27 ஜனவரி

கேள்வி கேட்ட நண்பர் படத்தைப் பார்த்துவிட்டார். "நன்றாக இருந்தது, ஆனால் ஹாலோவீன் அளவுக்கு இல்லை." இதற்கா இத்தனை எழுதினேன்? சரி, பரவாயில்லை, பார்த்தாரே.

எந்தத் திரை விகிதத்தில் (அகலத்துக்கு எவ்வளவு உயரம்) பார்ப்பது என்றும் கேட்கிறார். அகலமாக வெட்டிய வடிவமும் உண்டு. நான் பழைய 4:3 சதுரத்தையே சொல்வேன். மாடி மாடியாக அடுக்கிய ஜன்னல்கள், நீண்ட தாழ்வாரம், தலைக்கு மேல் கம்பி. எல்லாமே உயரவாக்கில் யோசித்த காட்சிகள். அகலத் திரைப் பைத்தியமான ஒருவர் சதுரத்தைக் கொடுத்தால் என்ன செய்வார் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

அடுத்து எல்விஸ் பற்றிப் பேசலாமா என்று ஒருவர் கேட்கிறார். பேசலாம். அதுவும் கார்பென்டரின் டிவி படம்தான், 1979 பிப்ரவரியில் ஏபிசியில் வந்தது, கர்ட் ரஸ்ஸல் அவரோடு முதன்முதலாகச் சேர்ந்த படம். அதில் யாரும் யாரையும் தொலைநோக்கியில் பார்ப்பதில்லை, இப்போதே சொல்லிவிட்டேன்.